ரஷ்ஸ் என்னும் வாத்தியார்

(காட்சித் தொடர்பியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எடிட்டிங் சாப்ட்வேரை டிவிடி பார்த்தும் டியூட்டோரியல் பார்த்தும் கற்றுக்கொள்ள முடியுமா, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று உங்கள் துறையில் கேட்டார்கள். முடியும். நான் அப்படித்தான் கற்றேன். என் வயதில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலரும் அப்படித்தான் கற்றார்கள். ஆனால் அந்த டிவிடித் தட்டில் இருந்த எது எனக்குக் கற்றுக்கொடுத்தது என்பது புரியப் பல வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்க வேண்டாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

2004-இல் மதுரையில் ஒரு கல்யாண வீடியோ மிக்ஸிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கேமராமேன்கள் மினி டிவி கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு கேசட் 60 நிமிடம். கேபிளைச் செருகி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். 60 நிமிடக் கேசட் ஏற 60 நிமிடமே ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஒரு மணி நேரப் படம் கிட்டத்தட்ட 13 ஜிபி இடத்தைப் பிடிக்கும். எங்களிடம் இருந்தது 80 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒரு கல்யாணத்தின் ஆறு கேசட்டை ஏற்றினால் டிஸ்க் நிரம்பிவிடும். அதை முடித்து, அழித்துவிட்டுத்தான் அடுத்த கல்யாணம்.

கேசட் ஏறும் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. அப்போதுதான் நண்பன் ஒருவன் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு பயிற்சி டிவிடி வாங்கிவந்தான். உறையில்லாத நகல் தட்டு. மேலே மார்க்கர் பேனாவில் சாப்ட்வேர் பெயர் எழுதியிருந்தது. நகல் வாங்கியது தவறு. அதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தவறே எனக்குப் பெரிய பாடமாகவும் ஆயிற்று.

தட்டைப் போட்டால் ஓர் ஆங்கிலக் குரல் வரும். நிதானமான, அன்பான குரல். இந்த விண்டோ இதற்கு, இந்தக் கருவி அதற்கு, இந்த எழுத்தைத் தட்டினால் இது நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். முதலாளி அண்ணனின் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் என் நோட்டும் வளர்ந்தது. ரிப்பிள், ரோல், ஸ்லிப், ஸ்லைடு என்று பெயர்கள். ‘ஐ’ தட்டினால் தொடக்கம், ‘ஓ’ தட்டினால் முடிவு. ‘ஜே, கே, எல்’ மூன்றும் பின்னோட்டம், நிறுத்தம், முன்னோட்டம். பத்து நாளில் நோட்டு நிரம்பியது. எனக்கு எடிட்டிங் வந்துவிட்டது என்று நம்பினேன்.

ஒரு நாள் அண்ணன், “தம்பி, இந்த ரிசப்ஷனை மூணு நிமிஷத்துக்கு வெட்டிக் கொடுப்பா” என்றார். உட்கார்ந்தேன். கருவி எல்லாம் தெரியும். எந்த ஷாட்டில் தொடங்குவது? சிரிக்கும் மாப்பிள்ளையை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? எப்போது அடுத்ததற்குப் போவது? நோட்டைப் புரட்டினேன். அதில் விடை இல்லை. அன்று சாயங்காலம் வரை டைம்லைனில் ஒன்றுமே ஏறவில்லை.

அந்த வாரம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். சென்னையில் சினிமா எடிட்டிங் அறைகளில் பல காலம் அசிஸ்டென்டாக இருந்தவர். சொந்த ஊர் மதுரைப் பக்கம். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். தட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பாடம் சரி. இதோட வந்த ரஷ்ஸ் எங்கே தம்பி?” என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. அசல் பயிற்சித் தட்டில் பாட வீடியோக்களோடு ஒரு பெட்டகமும் இருக்கும். ஆசிரியர் எந்தப் படத்துண்டுகளை வைத்துப் பாடம் நடத்துகிறாரோ, அதே துண்டுகள் வெட்டப்படாமல் அதில் இருக்கும். அவற்றைத்தான் ரஷ்ஸ் என்பார்கள். படிப்பவன் அவற்றைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு கூடவே வெட்டிப் பழக வேண்டும். ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். எனக்குக் கிடைத்த நகலில் இடம் போதவில்லை என்று அந்தப் பெட்டகத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். சாம்பாரை ஊற்றிக்கொண்டு சோற்றை விட்டுவிட்ட மாதிரி, நான் பத்து நாள் குரலை மட்டும் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவர் ஏன் முதல் கேள்வியாக ரஷ்ஸைக் கேட்டார்? அவர் கற்ற விதம் அப்படி. 1924-இல் ஐவன் செருரியர் உருவாக்கிய மூவியோலா இயந்திரம் உலகம் முழுவதும் எடிட்டிங் அறைகளில் பல பத்தாண்டுகள் ஓடியது; நம் சென்னையிலும் ஓடியது. 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். 1000 அடி ரோல் ஏறத்தாழ 11 நிமிடம். படம் ஒரு சுருள், ஒலி வேறொரு சுருள். கிளாப் கட்டை மூடும் ஃபிரேமைப் படத்தில் தேடி, ‘டக்’ என்ற சத்தத்தை ஒலியில் தேடி, இரண்டையும் பொருத்துவது அசிஸ்டென்டின் முதல் வேலை. வெட்டி ஒதுக்கிய துண்டுகளை எண் எழுதித் தொங்கவிட வேண்டும். எடிட்டர் கேட்கும்போது எட்டு ஃபிரேம் துண்டைக்கூடத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அவரைக் கத்தரிக்கோல் பிடிக்க விடுவதற்கு வருடங்கள் ஆகும். ஆனால் அந்த வருடங்களில் படத்தின் ஒவ்வோர் அடியும் அவர் விரல் வழியாகப் போயிருக்கும். எந்த டேக் ஓகே, எது என்.ஜி., எந்த டேக்கில் நடிகை கண்ணைத் தாழ்த்தினார் என்பதெல்லாம் மனப்பாடம். எடிட்டர் நான்காவது டேக்கை விட்டு இரண்டாவதை எடுத்தால், ஏன் எடுத்தார் என்று பின்னால் நிற்பவருக்குப் புரியும். விட்டது என்ன என்பதும் அவருக்குத் தெரியுமே. யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. ரஷ்ஸ்தான் நடத்தியது.

பிறகு கம்ப்யூட்டரில் வெட்டும் மென்பொருள்கள் வந்தன. 1989-இல் அவிட். 1991-இல் அடோபி பிரீமியர். 1999-இல் ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ. தமிழ் சினிமா இதில் பின்தங்கவில்லை. 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’யிலேயே அவிட் பயன்பட்டுவிட்டது. வேலை வேகமாயிற்று, சுத்தமாயிற்று. ஆனால் எடிட்டருக்குப் பின்னால் நிற்கும் இடம் காலியாயிற்று. அசிஸ்டென்ட் வேறோர் அறையில் உட்கார்ந்து படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிறார். பல இடங்களில் எடிட்டர் பகலில் வேலை செய்தால் இவர் இரவில். சினிமாவுக்கு வெளியே, என் போன்ற மிக்ஸிங் கடைப் பையனுக்கு அந்த இடம் எப்போதுமே இருந்ததில்லை. அந்தக் காலி இடத்தில்தான் பயிற்சி டிவிடி வந்து உட்கார்ந்தது.

அந்தப் பெரியவர் தெரிந்த ஒருவரிடமிருந்து அசல் தட்டு ஒன்றை எனக்கு வாங்கித் தந்தார். பெட்டகத்தைத் திறந்தேன். ஒரு முதியவர் பழைய மரப்படகைச் சரிசெய்வதைப் பற்றிப் பேசுகிறார், நான்கு நிமிடம். கூடவே இருபது முப்பது சிறு துண்டுகள்: உளி, பலகை, அவர் கை, ஆறு, ஒரு நாய், தூரத்துப் பாலம். பாடத்தில் ஆசிரியர், முதியவர் தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கையின் ஷாட்டைப் போட்டார். நானும் போட்டேன், சரியாக வந்தது. பிறகு பாடத்தை நிறுத்திவிட்டு அதே இடத்தில் ஆற்றைப் போட்டுப் பார்த்தேன். அறையே மாறியது போலிருந்தது. கை வந்தபோது அந்தத் தகப்பனார் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவராகத் தெரிந்தார். ஆறு வந்தபோது அவர் இறந்துபோனவராகத் தெரிந்தார். முதியவர் பேசிய வார்த்தை ஒன்றுதான்.

ராத்திரி பதினொரு மணிக்கு, பூட்டிய கடைக்குள், தனியாக அதை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். நான் எடிட்டிங் கற்றுக்கொண்ட முதல் நாள் அதுதான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் இல்லை. ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய வருடங்களில் மாஸ்கோவில் இயக்குநர் லெவ் குலஷோவ் தன் மாணவர்களோடு ஒரு பட்டறை நடத்தினார். நாட்டில் கச்சா பிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. மாணவர்கள் படம் எடுத்துப் பழக வழியில்லை. கையில் கிடைத்தது அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 1916-இல் எடுத்த ‘இன்டாலரன்ஸ்’ படத்தின் பிரதி. அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள், பிரித்தார்கள், வேறு வரிசையில் ஒட்டிப் பழகினார்கள். அடுத்தவர் படத்தின் துண்டுகளை வைத்துப் பழகிய அந்தப் பட்டறையிலிருந்துதான், ஒரு ஷாட்டின் பொருள் அதன் பக்கத்து ஷாட்டால் மாறும் என்ற சிந்தனை உலகத்துக்கு வந்தது. பூட்டிய கடைக்குள் கையும் ஆறுமாக நான் பார்த்தது அதைத்தான்.

அமெரிக்காவில் எடிட்டர்கள் சங்கம் ‘கன்ஸ்மோக்’ தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சிக்குரிய முழு ரஷ்ஸைத் திரைப்பட மாணவர்களுக்குக் கிடைக்கச் செய்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்த ஒரே காட்சியை வெட்டினார்கள். ஷாட் எல்லோருக்கும் ஒன்று, வசனம் ஒன்று. வெட்டியது மட்டும் ஆளுக்கு ஒரு விதம். பக்கத்து மேசைக்காரன் எந்த ஃபிரேமில் வெட்டினான் என்று பார்க்கும்போது, தான் ஏன் அங்கே வெட்டவில்லை என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விதான் படிப்பு.

அப்படியானால் கருவியைக் கற்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கற்றே ஆக வேண்டும். ஆனால் கருவியின் பெயருக்குப் பொருள் வருவது ஒரு தேவை வரும்போதுதான். ‘ஸ்லிப்’ என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அதற்கு நான்கு வரி விளக்கம் எழுதியிருந்தேன், நான்கும் புரியவில்லை. பிறகு ஒரு கல்யாணப் பாட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். தவில் அடி விழும் இடத்தில் மணப்பெண் திரும்பிப் பார்க்கும் ஷாட். அடிக்குப் பத்து ஃபிரேம் கழித்துத்தான் அவள் திரும்புகிறாள். ஷாட்டை முன்னால் இழுத்தால் பக்கத்து ஷாட் கெடும். ஷாட் நிற்கும் இடமும் மாறக்கூடாது, நீளமும் மாறக்கூடாது. உள்ளே இருக்கும் படம் மட்டும் பத்து ஃபிரேம் முன்னால் வர வேண்டும். சுவரில் மாட்டிய சட்டம் அசையாமல், உள்ளே இருக்கும் போட்டோவை மட்டும் நகர்த்துவது போல. அதுதான் ஸ்லிப். மவுசை இழுத்தேன், அடியும் திரும்பலும் ஒன்றாக விழுந்தன. அதற்குப் பிறகு அந்தக் கருவியை மறந்ததே இல்லை.

இன்னொன்று, ஜே கட். அடுத்த காட்சியின் ஒலியை முதலில் கேட்கவிட்டு, படத்தைப் பிறகு கொண்டுவருவது. டைம்லைனில் பார்த்தால் அந்த எழுத்தின் வடிவத்தில் இருக்கும். தட்டில் இருந்த ஆசிரியர் ஓர் அலுவலகப் பேட்டியை வைத்து இதைக் காட்டினார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரிந்துகொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. ஒரு முகூர்த்தத்தில் தெரிந்தது. பெண்ணின் அப்பா மேடையில் ஓரமாக நிற்கிறார். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிறார். அடுத்த ஷாட் தாலி கட்டுவது, அதில் கெட்டிமேளம். கெட்டிமேளத்தை இரண்டு நொடி முன்னால், அதாவது நம் வீடியோ கணக்கில் 50 ஃபிரேம் முன்னால், அப்பாவின் முகத்தின் மேலேயே தொடங்கவிட்டேன். முதலில் மேளம் கேட்கிறது; அவர் நிமிர்கிறார்; அப்புறம்தான் தாலி. கேசட் வாங்க வந்த அந்த அப்பா கடையில் நின்றபடியே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

சாப்ட்வேர் பாடம் சீக்கிரம் பழசாகும். 2011 ஜூனில் ஆப்பிள், ஃபைனல் கட் புரோவை அடியோடு மாற்றி ‘எக்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது. டைம்லைனின் அமைப்பே வேறு. அதுவரை ஏழாம் பதிப்பு வரைக்கும் வாங்கி அடுக்கிவைத்திருந்த டிவிடிகளின் பாதிப் பாடம் அந்த ஒரே மாதத்தில் செல்லாக்காசானது. எங்களில் பலர் இடிந்துபோனார்கள். நோட்டை மட்டும் நம்பியவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ரஷ்ஸ் வெட்டிப் பழகியவர்கள் ஒரு மாதம் தடுமாறி எழுந்தார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், எந்தப் பொத்தானால் என்பது மட்டும்தான் புதிது.

வால்டர் மர்ச் என்ற எடிட்டிங் மேதையைப் பாருங்கள். மூவியோலாவிலும் வெட்டினார். அவிட்டில் வெட்டிய ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படத்துக்கு எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பெற்றார். 2003-இல் வந்த ‘கோல்ட் மவுன்டன்’ படத்தை, அன்று பெரிய படங்களுக்குப் பலரும் நம்பாத ஃபைனல் கட் புரோவில் வெட்டினார். இயந்திரம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு நல்ல வெட்டுக்கு எவையெல்லாம் முக்கியம் என்று ஆறு அளவுகோல்களை அவர் வரிசைப்படுத்தினார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. மிச்சத்தில், நாம் இலக்கணம் என்று பயந்து பயந்து காப்பாற்றும் இடத்தொடர்ச்சிக்கு வெறும் 4 சதவீதம். இந்த ஆறில் ஒன்றுகூட மெனுவில் இல்லை.

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். 1995-இல் தொடங்கிய லிண்டா டாட் காம் பாடங்களை இணையத்துக்குக் கொண்டுபோனது. 2015-இல் லிங்க்டுஇன் அதை 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2005-இல் வந்த யூடியூப் பாடத்தை இலவசமாக்கியது. இன்று ஸ்லிப் என்று தட்டினால் தமிழிலேயே விளக்கம் வருகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஒரு தட்டுக்காக ரிச்சி தெரு வரை ஆள் அனுப்பியவன் நான். ஆனால் இந்த வெள்ளத்தில் பழைய நகல் தட்டின் குறை திரும்ப வந்துவிட்டது. குரல் வருகிறது, ரஷ்ஸ் வருவதில்லை. பத்து நிமிட வீடியோ ஒன்று முடிவதற்குள் அடுத்தது தயாராக நிற்கிறது. பார்த்துக்கொண்டே போகும்போது எல்லாம் புரிகிறது. புரிவதைக் கற்றுவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு மாதம் கழித்து ஒரு ரிசப்ஷனை வெட்டச் சொன்னால், அன்றைக்கு நான் உட்கார்ந்த மாதிரி உட்கார வேண்டியிருக்கும்.

நல்ல வழிகளும் கண்முன்னே இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தைப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள்களுக்கான சிறு சிறு பாடங்கள்; திரையில் மெனு ஆங்கிலத்திலேயே இருக்கும், குரல் மட்டும் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வரும். திரையின் ஒரு பக்கம் பாடம், மறு பக்கம் மென்பொருள்; வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கூடவே கையால் செய்ய வேண்டும் என்பது அவர்களின் முறை. தாய்மொழியில் புரிந்துகொண்டு, வேலைக்குப் போகும் இடத்தில் இருக்கும் அதே மெனுவில் கை பழகுகிறது. நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளை அதன் நிறுவனம் இலவசப் பதிப்பாகவே தருகிறது. பயிற்சிப் புத்தகமும், அதற்கான படத்துண்டுகளும் அவர்கள் தளத்தில் இலவசம். கேடிஎன்லைவ், ஷாட்கட் போன்றவையும் இலவசம். உங்களில் யாரும் நகல் தட்டு வாங்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும், கூட ரஷ்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் செல்போனில் வீட்டில் ஒரு காட்சியை எடுங்கள். அம்மா பூக் கட்டுவதை ஐந்து கோணத்தில் எடுத்தால் போதும். பாடத்தில் ஒரு விஷயம் வந்ததும் நிறுத்துங்கள், கையால் செய்யுங்கள். செய்து முடித்ததும் பாடத்தை மூடிவிட்டு, பார்க்காமல் ஒரு தடவை செய்யுங்கள். எங்கள் கடையில் ஒரே மானிட்டர்தான். பாடத்தை மூடினால்தான் சாப்ட்வேரைத் திறக்க முடியும். அன்றைக்கு அது பெரிய இடைஞ்சலாகத் தெரிந்தது. பார்த்ததை மனதில் தூக்கிக்கொண்டு வந்து வைக்கும் பழக்கத்தை அந்த இடைஞ்சல்தான் கொடுத்தது. பிறகு, ஆசிரியர் வைத்த ஷாட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். எது நன்றாக இருக்கிறது என்பதைவிட, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஒரு தொடரைத் தொடங்கினால் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தமிழில் பாடம் நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் உழைப்பைக் கும்பிடுகிறேன். வீடியோவோடு நீங்கள் வெட்டிய ரஷ்ஸையும் கொடுங்கள். நம் முகம், நம் வெயில், நம் மேளச் சத்தம் உள்ள ரஷ்ஸ் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

சொல்லிவிட்டுப் போவது முறையல்ல. அதனால் கையோடு இந்த ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு வீட்டு நிச்சயதார்த்தம்; அந்தக் குடும்பத்தாரின் முழுச் சம்மதத்தோடு எடுத்தது. இரண்டு கேமரா, 47 ஷாட், மொத்தம் 52 நிமிடம். உங்கள் துறையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஒவ்வொருவரும் பிரதி எடுத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்கு வெட்டுங்கள். அடுத்த மாதம் வருகிறேன். எல்லோருடையதையும் இதே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவோம்.

அதில் 31-ஆவது ஷாட்டைத் தவறவிடாதீர்கள். பெண்ணின் அம்மா நிச்சயத் தட்டை மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுக்கிறார். எதிரில் இருப்பவர் வாங்கிக்கொண்ட பிறகும், அந்த அம்மாவின் கை கொஞ்ச நேரம் தட்டை விடுவதில்லை. நான் எண்ணிப் பார்த்தேன், 34 ஃபிரேம். அந்த 34 ஃபிரேமுக்கு முன்னால் நீங்கள் எதை வைக்கிறீர்கள், பின்னால் எதை வைக்கிறீர்கள் என்று பார்க்க ஆவலோடு வருவேன்.